நாற்பத்தொரு படிக்குக் கீழே ஒரு வெள்ளைத் துணி

இன்றைக்கும் நான் கதவைச் சத்தமில்லாமல்தான் சாத்துகிறேன். கைப்பிடியைக் கீழே அமத்தி, கதவை நிலையோடு சேர்த்து, பிறகு மெல்லக் கையை எடுப்பது. இந்த வீட்டில் இப்போது என்னைத் தவிர ஆளில்லை. எழும்பிவிடும் என்று பயப்பட ஒரு பூனைகூட இல்லை. ஆனாலும் கை அப்படித்தான் செய்கிறது. உங்களில் யாராவது பகலில் நித்திரை கொள்ளுகிற தாயோடு வளர்ந்திருந்தால் நான் சொல்வது விளங்கும். மற்றவர்கள் கிழவிக்கு விசர் என்று நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் குறையில்லை.

அம்மா தாதி. கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில், குழந்தைகள் வார்ட்டில் வேலை. அப்பாவுக்கு யாழ்ப்பாணத்தில் உத்தியோகம். மாதத்துக்கு ஒருமுறை ரயிலில் வந்து இரண்டு நாள் நின்றுவிட்டுப் போவார். நான் ஒற்றைப் பிள்ளை. அம்பிட்டியவில், றோட்டிலிருந்து நாற்பத்தொரு படி ஏறி வரவேண்டிய இந்த வீட்டில் அம்மாவும் நானுமாக இரண்டு பேர். நான் சொல்லப்போவது எனக்குப் பத்து வயது நடந்தபோது, பெரஹரா ஊர்வலம் முடிந்து மழை தொடங்கியதிலிருந்து டிசம்பர் நத்தார் வரைக்குமான நாலு மாதத்தை. பாணுக்கு விடியற்காலையில் பேக்கரி வாசலில் வரிசையில் நின்றோமே, அந்தக் காலம். நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

அந்த நாலு மாதமும் அம்மாவுக்கு இரவு டியூட்டி. கைக்குழந்தைக்காரத் தாதிமார் இரண்டு பேருக்காகத் தானே கேட்டு எடுத்தது. "பச்சைப் பிள்ளையை விட்டிட்டு அதுகள் எப்பிடி இரவில வாறது?" என்றார். அப்படியானால் நான் யார், பத்து வயதுப் பழுத்த கிழவியா என்று கேட்க எனக்கு வாய் உன்னியது. கேட்கவில்லை. இரவில் பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா பின்வேலி இடைவெளியால் வந்து எனக்குத் துணையாகப் படுப்பார். காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குப் படி இறங்க, அம்மா டியூட்டி முடிந்து படி ஏறி வருவார். பாதி வழியில் சந்திப்போம். பாசியில் அழுக்காகிவிடும் என்று வெள்ளைச் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்திருப்பார். குனிந்து கன்னத்தில் ஒரு கொஞ்சு கொஞ்சுவார். ஸ்பிரிட் மணக்கும்.

"சாப்பிட்டியே?"

"ஓம்."

அதோடு அவர் மேலே, நான் கீழே.

பள்ளிக்கூடம் விட்டு நான் வரும்போது இரண்டு மணி. அம்மா இன்னும் நித்திரை. அந்த அரை மணித்தியாலம்தான் என் சீவியத்திலேயே நீளமான அரை மணித்தியாலம். சோற்றைக் கரண்டி படாமல் கையால் போட்டுச் சாப்பிடுவேன். கதிரையை இழுக்காமல் தூக்கி வைப்பேன். மழை தகரத்தில் அடிக்கும்போது மட்டும் கொஞ்சம் தாராளமாக நடக்கலாம், அதனால் எனக்கு மழை பிடிக்கும். அம்மாவின் சட்டையில் தலைகீழாகக் குத்தும் மணிக்கூடு மேசையில் கிடக்கும். அதைக் காதில் வைத்துக்கொண்டு அறை வாசலில் இருந்து அம்மா மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என்ன செய்வது, விளையாட ஆளில்லை.

இரண்டரைக்கு அம்மா எழும்புவார். கண்ணைத் துடைத்தவுடன் சொல்லும் முதல் வார்த்தை என் பேர் அல்ல.

"பிள்ளை, துணியைக் கட்டிட்டு வா."

துணிக் கதையைச் சொல்ல வேண்டும். அக்கம்பக்கத்தில் யாருக்கு என்ன என்றாலும் எங்கள் படியைத்தான் ஏறுவார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசி மருந்தைப் பொதியில் சுற்றிக்கொண்டு வருவார்கள், அம்மா போட்டுவிடுவார். புண்ணுக்குக் கட்டுவார், காய்ச்சல் பார்ப்பார், பிள்ளைத்தாச்சிகளின் காலை அமத்திப் பார்த்து "உப்பைக் குறை" என்பார். ஒரு சதம் வாங்கமாட்டார். குசினியில் சின்ன அலுமினியச் சட்டியில் கண்ணாடிச் சிரிஞ்சு எந்நேரமும் கொதித்துக் கிணுகிணுத்துக்கொண்டிருக்கும். முந்தி ஆட்கள் கண்ட நேரத்தில் வந்து கூப்பிட்டு அம்மாவின் நித்திரையைக் கெடுத்தார்கள். அதற்காக அப்பா கண்டுபிடித்த வழிதான் துணி. மாச் சாக்குத் துணியை நாலு ஓரமும் மடித்துத் தைத்து, கீழே கேற்றில் கட்டுவது. துணி இருந்தால் மிஸ்ஸி எழும்பியிருக்கிறார், வரலாம். இல்லாவிட்டால் நித்திரை, அல்லது டியூட்டி. ஆஸ்பத்திரியிலும் ஊரிலும் தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். மேலே வீட்டிலிருந்து பார்த்தால் கேற் தெரியாது, பலாமரம் மறைக்கும். கட்டுவதும் அவிழ்ப்பதும் என் வேலை. கேற் தூணில் அறைந்திருந்த தகரத் தபால் பெட்டிக்குள் துணியை வைத்திருப்போம்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று எங்கள் திருச்சபையில் ஒரு பெரியவர் அம்மாவைப் புகழ்ந்து சொன்னார். உண்மைதான். தானே வளர்ந்த அந்தப் பிள்ளை நான்தான்.

ஐந்தரைக்கு ஜெபம். அம்மா சீருடையில், தொப்பி மட்டும் வைக்காமல், சிமெந்துத் தரையில் முழங்காலில் நிற்பார். நானும் பக்கத்தில் நிற்பேன். அம்மாவின் ஜெபத்தில் அழகான வார்த்தை ஒன்றும் இருக்காது. வெறும் பட்டியல். "கர்த்தாவே, ஏழாம் கட்டில் பிள்ளையைப் பாரும். தெல்தோட்டைப் பிள்ளையின்ர கையைப் பாரும். கடை நானாவின்ர மனுசியைப் பாரும்..." வார்ட்டில் டாக்டர் சுற்றி வரும் முறை அது. கடும் வருத்தக்காரர் முதலில், தேறி வருபவர்கள் பிறகு, சுகமாக இருப்பவர்கள் கடைசியில். அப்பாவுக்கும் பிறகு, எல்லோருக்கும் பிறகு, ஆமெனுக்கு முதல், என் பேர் வரும். நான் விரல் மடித்து எண்ணுவேன். பதினான்காவது, பதினேழாவது, ஒருநாள் இருபத்திரண்டாவது.

அந்த ஆண்டு நத்தாருக்கு அம்மா எனக்கு ஒரு சட்டை தைக்கத் தொடங்கியிருந்தார். இளநீல வொயில் துணி, கையோரத்தில் வெள்ளை லேஸ். செப்டெம்பரிலேயே வெட்டியாயிற்று. ஒரு கை வைத்தாயிற்று. மற்றக் கை தையல் மெஷின் லாச்சியில் கிடந்தது. தினமும் பின்னேரம் அம்மா மெஷினின் மூடியைத் திறப்பார், கீழே யாரோ "மிஸ்ஸி" என்பார்கள், மூடியை மூடுவார். ஒருநாள் ஊசியில் நூலும் கோத்தாயிற்று. நான் மூச்சுக்கூட விடவில்லை. காதுக்குள் பூச்சி போன ஒரு தடியன் அழுதுகொண்டு படியேறி வந்தான். இருபது வயது இருக்கும், அழுகிறான்! அம்மா தேங்காயெண்ணெய் விட்டுப் பூச்சியை எடுத்து, தேத்தண்ணி கொடுத்து, ஆறுதல் சொல்லி அனுப்ப ஐந்து மணி. அன்றைய ஜெபத்தில் அந்தப் பூச்சிக்காரன் எனக்கு ஐந்து பேருக்கு முன்னால் வந்தான்.

அடுத்த நாள் அம்மா "துணியைக் கட்டிட்டு வா" என்றார். நான் நாற்பத்தொரு படியும் இறங்கினேன். தபால் பெட்டியைத் திறந்தேன், துணியைப் பார்த்தேன், மூடினேன். மேலே வந்தேன்.

"கட்டிட்டன் அம்மா."

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்பார்கள். எனக்கு அன்றைக்குத் தேங்காய்ப்பூ ரொட்டியும் கட்டைச் சம்பலும் கிடைத்தன. யாரும் வரவில்லை என்றதும் அம்மா அடுப்படியில் குந்தி ரொட்டி சுட்டார். நான் முதுகில் சாய்ந்துகொண்டு நின்றேன். தான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கடலில் நண்டு பிடித்த கதை சொன்னார். அம்மாவுக்கு நண்டு பிடிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பிறகு என் தலையை மடியில் வைத்துப் பேன் பார்த்தார். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குப் பேன் இருந்தது என்று நான் சந்தோசப்பட்ட நாள் அது ஒன்றுதான். ஐந்து மணிக்கு ஓடிப்போய், கட்டாத துணியை அவிழ்த்துவிட்டு வந்தேன்.

ஒரு நாள் என்று தொடங்கியது ஒரு கிழமையாயிற்று. ஜெபத்தில் என் பேர் பத்துக்குள் வந்தது. பிறகு ஏழு.

சனங்கள் ஏன் கூப்பிட்டுப் பார்க்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். பாண் வாங்கப் போனபோது பஸ் நிற்குமிடத்தில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா என்னிடம் கேட்டார்.

"மகள், அம்மாக்கு இப்ப பகலும் டியூட்டியா? துணியக் காணமே?"

யோசிக்காமலே வாய் சொல்லிவிட்டது. "ஓம் நானா. அம்மாவுக்குச் சரியான களைப்பு. பகல் முழுக்கப் படுக்கைதான்."

"யா அல்லாஹ். அப்ப ஒருத்தரும் கரச்சல் குடுக்க வாணாம். நான் எல்லாருக்கும் செல்லி வெக்கிறேன். பாவம், ஓஞ்சி கெடக்கட்டும்."

சொன்னபடி எல்லோருக்கும் சொல்லியும் வைத்தார், நல்ல மனிதர். பின்னேரம் அம்மா டியூட்டிக்குப் பஸ் ஏற நின்றால் சனங்கள் இரக்கமாகப் பார்ப்பார்கள், குடை பிடிப்பார்கள், ஆனால் தங்கள் நோய் நொடி பற்றி வாய் திறக்கமாட்டார்கள். அம்மாவும் கேட்கமாட்டார். "வாங்கோ வாங்கோ எண்டு கூப்பிட நான் என்ன கடையே வைச்சிருக்கிறன்?" என்றார் என்னிடம்.

இப்போது தெல்தோட்டைப் பிள்ளைக்கு வர வேண்டும். வராமல் இந்தக் கதையைச் சொல்லி முடிக்கலாமா என்று நான் பார்த்ததுண்டு. முடியாது.

தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிற பெண் ஒருவர். அவருடைய ஐந்து வயது மகள் லயத்து வீட்டில் சுடுதண்ணீர்ப் பானையை இழுத்துக் கையில் ஊற்றிக்கொண்டாள். முழங்கையெல்லாம் வெந்து, அம்மாவின் வார்ட்டில் ஒரு மாதம் கிடந்தாள். வீட்டுக்கு அனுப்பியபோது புண் முழுதாக ஆறவில்லை. கிழமை நாளில் வந்தால் வேலை போய்விடும் என்று அந்தத் தாய் தயங்க, அம்மா சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமையில என்ர வீட்டை கொண்டு வா. நான் கட்டிவிடுறன்." இரண்டு பஸ் பிடித்து, கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் மாறி, இரண்டு மணிக்கு வந்து சேர்வார்கள்.

துணி கட்டாத முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து நான் வழக்கம்போலப் படி இறங்கிப் போய்வந்தேன். அன்று அவர்கள் வந்தார்களா என்று நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கப் பலாமரத்துக்கு அந்தப் பக்கமே போகவில்லை. இரண்டாம் ஞாயிறு மூன்று மணிக்கு எனக்கு மனம் கேட்கவில்லை. அரைவாசிப் படி இறங்கி எட்டிப் பார்த்தேன். றோட்டோரத்து மதகில் அந்தத் தாய் மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தார். தூறல். சாக்கை இரண்டு பேருக்கும் மேலே பிடித்திருந்தார். தலையை நிமிர்த்தியவர் என்னைக் கண்டார். சிரித்தார். உதட்டில் விரலை வைத்து, அம்மா தூங்கட்டும் என்று எனக்குச் சைகை காட்டினார்.

நான் திரும்பி மேலே வந்துவிட்டேன். அம்மா மெஷினில் இருந்தார். சட்டையின் இரண்டாவது கை அன்றைக்குத்தான் தைத்து முடிந்தது.

அதற்குள் எனக்குக் கிடைத்த அம்மா மாறிப்போயிருந்தார். சிரிஞ்சுச் சட்டியை ஒவ்வொரு நாளும் கொதிக்க வைத்து, வருவார் இல்லாமல் ஆறவிட்டு, திரும்ப எடுத்து வைப்பார். முன் கதிரையில் இருந்து படியையே பார்ப்பார். "ஏன் பிள்ளை ஒருத்தரையும் காணேல்லை?" என்பார். கதை சொல்வது நின்றுபோயிற்று. தன் கைகள் இரண்டையும் மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் நான் புதுச்சட்டையோடு நிற்பேன். மழை பெய்யும். வீட்டில் இரண்டு பேர் இருந்தும் ஆளுக்கொரு தனிமை. ஜெபத்தில் என் பேர் நான்காவதாக வந்தது, பிறகு மூன்றாவதாக. ஆமென் சொன்ன பிறகும் அம்மா எழும்பாமல் முழங்காலிலேயே நிற்பார், சொல்ல ஏதோ மிச்சம் இருக்கிற மாதிரி.

அப்பா வந்த சனிக்கிழமை குசினியில் இரண்டு பேரும் கதைத்தது எனக்கு அறைக்குள் கேட்டது.

"நானாவின்ர மனுசிக்கு நான் போட்ட ஊசி சீழ் பிடிச்சதெல்லோ," என்றார் அம்மா. "பிறகு ஆறிட்டுது, அதுகள் ஒண்டும் சொல்லேல்லை. ஆனா அதோட ஊருக்கு என்ர கையில நம்பிக்கை போட்டுது. ஒருத்தரும் வரேல்லை, மாசமாகுது."

"விசர்க்கதை பேசாதையும். வேதம் வாசிக்கிற நீரும் கைராசி பாக்கிறீரே?"

"ராசியில்லையப்பா. பயம். முந்தநாள் வார்ட்டில ஒரு பிள்ளைக்கு மூண்டு தரம் குத்தினன், நரம்பு பிடிபடேல்லை. பிள்ளை என்ர முகத்தைப் பாத்துக் கத்துது. பிறகு புதுசா வேலைக்கு வந்த ஒரு தாதிப் பிள்ளையைக் கூப்பிட்டுத்தான் குத்துவிச்சன்." அடுப்புக்குள் விறகைத் தள்ளும் சத்தம் கேட்டது. "மேட்ரனுக்குக் கடிதம் எழுதி வைச்சிருக்கிறன். புது வருசத்தோட என்னைத் துணி ஸ்டோருக்கு மாத்தச் சொல்லி. படுக்கை விரிப்பு எண்ணுறதுக்குக் கை நடுங்கினாலும் பரவாயில்லை."

அப்பா ஏதோ சொன்னார், கேட்கவில்லை. நான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன். அம்மாவின் கையை நான் பறித்துவிட்டேன் என்பது பத்து வயதில் எனக்கு அப்படியே விளங்கியது. அதை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை அம்மா கேட்காமலே ஓடிப்போய்த் துணியைக் கட்டினேன். மூன்று முடிச்சு. ஓடிவந்து குசினியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒருவரும் வரவில்லை. செவ்வாய் வரவில்லை, புதன் வரவில்லை. நானா சொல்லி வைத்தது அப்படி. துணி தொங்குகிறது, சனங்கள் பார்க்கிறார்கள், பாவம் மிஸ்ஸிக்குக் களைப்பு, கரைச்சல் கொடுக்கக் கூடாது என்று போகிறார்கள். கட்டாமல் விட எனக்கு அரை நிமிடம் போதுமாக இருந்தது. கட்டிச் சரிசெய்ய முடியவில்லை. அம்மாவிடம் சொல்லத் துணிவில்லை. நானாவிடம் போய் நான் சொன்னது பொய் என்று சொல்லவும் துணிவில்லை. படியில் உட்கார்ந்து, யாருக்காவது காய்ச்சல் வரட்டும் கர்த்தாவே என்று ஜெபம் பண்ணினேன். தாதியின் மகள் கேட்ட வரம் அது.

பதின்மூன்று நாள். அந்த ஞாயிறு இரண்டு மணிக்குப் படியில் காலடி கேட்டது. அம்மா கதிரையிலிருந்து எழும்பியதை நான் மறக்கமாட்டேன்.

தெல்தோட்டைத் தாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றார்.

"மிஸ்ஸி, ஒடம்பு சொகமாயிருச்சுங்களா? ரெண்டு ஞாயித்துக்கெழம வந்தோமுங்க. துணி கட்டலை. டியூட்டிக்குப் போயிட்டு வந்து தூங்குறாங்க, எழுப்பப்படாதுன்னு கீழயே குந்திட்டு, பஸ்ஸுக்குப் போயிட்டோம். பெறகு ரோட்டுல மண்ணு சரிஞ்சு பஸ்ஸே ஓடலை." என்னைப் பார்த்து அதே சிரிப்பு. "பாப்பா கூட மேல நின்னு பாத்துச்சே. சொல்லலீங்களா?"

அம்மா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் எவ்வளவு என்று கண்டுபிடிக்கப் பார்க்கிற பார்வை. சிரிஞ்சுச் சட்டி கிணுகிணுக்கிறது.

"அவ சொன்னவள்தான்," என்றார் அம்மா. "நான்தான் நித்திரை வெறியில மறந்துபோனன். என்ர பிழை. பிள்ளையைத் தாங்கோ."

அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அன்று ஒருமுறைதான்.

கட்டு புண்ணோடு ஒட்டிப்போயிருந்தது. அம்மா உப்புப் போட்ட இளஞ்சூட்டுத் தண்ணீரை ஒவ்வொரு துளியாக விட்டு, நூல் நூலாக எடுத்தார். ஒன்றரை மணித்தியாலம். கை நடுங்கவில்லை. வாயில் ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். பிள்ளை அழவில்லை. என் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தவள் நல்ல கையை நீட்டி லேஸைத் தொட்டு, "புதுசா?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். புண் கழுவி முடிந்தபோது அம்மா முழங்கையை மெல்ல நீட்டிப் பார்த்தார். அது பாதிக்கு மேல் நீளவில்லை. தோல் இழுத்துப் பிடித்துக்கொண்டது.

"நாளைக்கு நானே வார்ட்டில பெரிய டாக்டரிட்டக் காட்டுறன்," என்றார். இரண்டு பேரையும் அன்றிரவு எங்கள் வீட்டிலேயே படுக்க வைத்தார்.

பிறகு அவளுக்கு ஒப்பரேஷன் செய்து, தொடைத் தோல் எடுத்து வைத்து, கை பெரும்பாலும் நீண்டது. கொஞ்சம் குறை. நான் வளர்ந்த பிறகு ஒரு டாக்டரிடம், யாருக்கோ நடந்ததுபோல, கேட்டுப் பார்த்தேன். அந்தக் கிழமைகள் தவறாவிட்டாலும் அப்படி ஆகியிருக்கலாம் என்றார். ஆகாமலும் இருந்திருக்கலாம்.

அன்று ஐந்தரைக்கு ஜெபம். தெல்தோட்டைத் தாயும் பிள்ளையும் சுவரோரம் இருந்தார்கள். அவர்கள் சைவம், ஆனாலும் கை கூப்பியிருந்தார்கள். நான் முழங்காலில் நின்று, இன்றைக்கு என் பேர் வருமா வராதா என்று காத்திருந்தேன். அம்மா கண்ணை மூடினார்.

"கர்த்தாவே, என்ர பிள்ளையைப் பாரும்."

முதலாவதாக என் பேரைச் சொன்னார். அதற்குப் பிறகுதான் அந்த வெந்த கை, ஏழாம் கட்டில், எல்லாம். எத்தனை நாள் ஏங்கிய இடம்! எனக்கு நிலம் பிளந்தால் போய்விடலாம் போலிருந்தது.

மறுநாளிலிருந்து துணியை அம்மாவே கட்டினார். இரண்டரைக்கு எழும்பி, நாற்பத்தொரு படி இறங்கி, திரும்ப ஏறுவார். ஐந்து மணிக்கு மறுபடியும். "நான் கட்டுறன் அம்மா" என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. நானாவிடம் என்ன கேட்டார், நானா என்ன சொன்னார், எனக்குத் தெரியாது. ஒரு கிழமையில் சனம் திரும்பி வந்தது. மேட்ரனுக்கு எழுதிய கடிதத்தால் அடுப்பு மூட்டினார். நத்தாருக்குள் படியெல்லாம் சேற்றுக் கால். பூச்சிக்காரன்கூட ஒரு பலாப்பழத்தோடு வந்தான்.

அம்மா மறந்திருப்பார் என்று நினைத்தேன். ஆனால் என் பேர் முதலாம் இடத்தை விட்டு நகரவில்லை. வருத்தக்காரர்கள் மாறினார்கள். செத்தவர்கள் போனார்கள், பிறந்ததுகள் வந்தன. நான் மட்டும் மேலே. படிப்பு முடிந்து கொழும்பில் வேலை கிடைத்துப் போனேன். விடுமுறைக்கு வந்தால் ஐந்தரைக்கு அதே ஜெபம், அதே முதல் பேர். ஒவ்வொரு நாளும் கர்த்தருக்கு முன்னால் என்னைக் கூண்டில் ஏற்றுகிறார் என்று எனக்குப் பட்டது. மன்னிக்கத் தெரியாத பெண் என்று மனதுக்குள் ஏசியிருக்கிறேன். பிறகு ஆறரை மணி பஸ்ஸில் வந்து இறங்கப் பழகினேன், ஜெபம் முடிந்திருக்கும் என்று. அப்புறம் வருவதையே குறைத்தேன். அப்பா போன பிறகும் அப்படித்தான். நான் கல்யாணம் செய்யவில்லை. அங்கே ஒரு அறையில் நான், இங்கே படிக்கு மேலே அம்மா. முப்பது வருடத்துக்கு மேல் அப்படி ஓடியது. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஓய்வு பெற்று நான் இங்கே வந்தபோது அம்மாவுக்கு எண்பத்தாறு. முழங்காலில் நிற்க முடியாது, கட்டிலில் சாய்ந்தபடி ஜெபம். ஒரு பின்னேரம் நான் அவர் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கை என் கைக்குள் இருந்ததாலோ என்னவோ, சொல்லிவிட்டேன்.

"அம்மா, அந்த மழைக்காலம் துணியைக் கட்டாமல் விட்டது நான்தான்."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"அண்டைக்கே தெரியும்."

"பிறகேன் என்னை ஒண்டும் கேக்கேல்லை?"

"நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

"அதுக்காண்டியே இத்தனை வருசமா என்ர பேரை முதல்ல வைச்சு என்னைத் தண்டிச்சனீங்கள்?"

அம்மா கையை இழுத்துக்கொண்டு என்னை வடிவாகப் பார்த்தார். "தண்டிக்கிறதோ? விசரி. முதல்ல வைக்கிறது ஆரை எண்டு உனக்குத் தெரியாதே? எல்லாரையும் விடக் கூட நோகிற ஆளையெல்லோ."

அன்றைக்கு ஐந்தரைக்கு அம்மா கண்ணை மூடினார். பேர்கள் வந்தன. சபையில் காலொடிந்தவர், நானாவின் பேரப்பிள்ளை, தெல்தோட்டைப் பிள்ளை, அவளுடைய பிள்ளைகள். நான் பழையபடி விரல் மடித்தேன். பதினொன்று, பன்னிரண்டு. எல்லோருக்கும் பிறகு, ஆமெனுக்கு முதல், என் பேர் வந்தது. அறுபது வயதுக் கிழவி நான், அந்தக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். மூன்று கிழமையில் அம்மா போய்விட்டார்.

அடக்க ஆராதனைக்குத் தெல்தோட்டைப் பிள்ளை வந்திருந்தாள். ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணைப் பிள்ளை என்கிறேன். முழுதாக நீளாத அந்தக் கையால் எனக்குக் குடை பிடித்துக்கொண்டு நாற்பத்தொரு படியும் இறங்கினாள்.

இப்போது ஐந்தரைக்குப் பட்டியலை நான் சொல்கிறேன். துணி கட்டுவதில்லை. ஊசி போட எனக்குத் தெரியாது, யார் வருவார்கள்? பேர்களை மட்டும் சொல்கிறேன், அம்மாவிடமிருந்து எனக்கு வந்த சொத்து அதுதான். தனியே சொல்லத் தொடங்கிய பிறகுதான் ஒன்று பிடிபட்டது. அத்தனை வருடமும் என் பேர் எத்தனையாவது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மாவின் பட்டியலில் அம்மாவின் பேர் இருந்ததேயில்லை. யாரும் ஒருநாளும் அவருக்காக அதைச் சொல்லவில்லை, பக்கத்திலேயே முழங்காலில் நின்ற நானும் சொல்லவில்லை.

இறந்தவர்களுக்காக ஜெபம் பண்ணும் வழக்கம் எங்கள் சபையில் கிடையாது. போதகருக்குத் தெரிந்தால் பேசுவார். பேசட்டும். நான் அம்மாவின் பேரைத்தான் முதலில் சொல்கிறேன்.